செல்லக்கிளியின் பல்லும் யுவராணியின் கல்யாணமும்

சாணார்பட்டிக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் தக்காளியும் போட்டு, பறித்ததைத் திண்டுக்கல் உழவர் சந்தையில் தானே உட்கார்ந்து விற்பவள் செல்லக்கிளி. அவள் கடைக்கு முன்னால் எப்போதும் ரெண்டு பேர் கூடுதலாக நிற்பார்கள். காய் வாங்க அல்ல, பேச்சுக் கேட்க. தராசு நேராக நிற்பதற்குள் ஒரு மாமியாரையும் ஒரு பஸ் கண்டக்டரையும் அப்படியே நடித்துக் காட்டிவிடுவாள். காட்டிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பதும் அவள்தான். சிரிப்பு கிளம்பிவிட்டால் லேசில் அடங்காது. பக்கத்துக் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டு, அவள் முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

அவளுடைய இடது கன்னத்துக்குள் வெற்றிலையும் புகையிலையும் உருண்டையாக அடங்கியிருக்கும். தலைப்பிரசவத்துக்குப் பிறகு பல்வலிக்கென்று யாரோ சொல்லி ஆரம்பித்தது. பல்வலி போனது, புகையிலை போகவில்லை. புருஷன் மலைச்சாமி டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மறக்காமல் பொட்டலம் வாங்கி வருவார். அதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆனி மாதம் மகள் யுவராணிக்கு நிச்சயம் ஆனது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் யுவராணி ஆபீஸ் வேலை பார்த்தாள். அதே மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த கீரனூர் மதன்குமாரை அவளுக்குப் பிடித்துப்போக, அவளே வீட்டில் சொல்ல, ரெண்டு வீட்டாரும் பேசித் தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள். கல்யாணம் என்றால் வீடியோ உண்டு. வீடியோவில் தன் பல் எப்படித் தெரியும் என்ற கவலை செல்லக்கிளிக்கு அன்றைக்கே பிடித்துக்கொண்டது. கறை படிந்த பல், பாதி உடைந்த பல், ஆடுகிற பல் என்று வாய் நிறைய வகை வகையாக இருந்தன. இடது கடைவாயில் உடைந்த பல் ஒன்று கன்னத்தைக் குத்திக் குத்திப் புண்ணாகி, காரம் பட்டால் சுரீர் என்றது. அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு மற்றதைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று திண்டுக்கல்லில் பல் டாக்டர் ரிஃபாத்திடம் போனாள்.

ரிஃபாத் சின்ன வயசுப் பெண். நாற்காலியைச் சாய்த்து விளக்கைத் திருப்பி, செல்லக்கிளியின் கன்னத்தைக் கண்ணாடியால் விலக்கிப் பார்த்தவள், கையில் எடுத்த இடுக்கியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள். புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். நிச்சயத்துக்கு முன்னாலிருந்தே என்றாள் செல்லக்கிளி. ரிஃபாத் உறை போட்ட விரலால் புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, கழுத்தையும் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, பல்லு குத்துன புண்ணுன்னா இந்நேரம் ஆறியிருக்கணும். ஓரம் தடிச்சிருக்கு. இதுல ஒரு துளி சதை எடுத்துச் சோதிச்சுப் பாத்திரணும். அதுவரைக்கும் நான் எந்தப் பல்லையும் தொட மாட்டேன்" என்றாள்.

சோதனை முடிவு வந்தது. புற்று. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று ரிஃபாத் சொல்லிக்கொண்டிருந்தபோது மலைச்சாமி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லக்கிளி கேட்ட முதல் கேள்வி, தை மாதக் கல்யாணத்துக்குத் தான் எழுந்து நடமாட முடியுமா என்பதுதான்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் மலைச்சாமி சட்டைப் பையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். அது எதிர்க்காற்றில் திரும்பி வந்து பின் சீட்டுக்காரர் மடியில் விழுந்தது. அந்த மனிதர் எழுந்து நின்று சத்தம் போட்டார். மலைச்சாமி கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அத்தனை கலக்கத்திலும் செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அந்த மனிதரே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

புரட்டாசியில் மதுரையில் அறுவை நடந்தது. கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு துண்டையும் கழுத்திலிருந்து சில நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் நோய் எட்டிப் பார்த்திருந்ததால் கதிர்வீச்சும் கொடுத்தாக வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அதை ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது, காயம் ஆறியதும் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல் நடக்கும், அதற்கு முன்னால் வாயைச் சரிசெய்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லித் திரும்ப ரிஃபாத்திடமே அனுப்பினார்.

ரிஃபாத் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்பது பல்லைப் பிடுங்க வேண்டும் என்றாள். முன்பல்லிலும் ரெண்டு அதில் சேர்த்தி.

செல்லக்கிளிக்குக் கோபமே வந்துவிட்டது. கரண்டு வைக்கப்போவது, அதாவது கதிர் பாய்ச்சப்போவது, கன்னத்துக்கு. அதுபாட்டுக்கு இருக்கிற பல் யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

"பல்லு இல்லம்மா, பல்லச் சுத்தி இருக்கற கிருமிங்க" என்றாள் ரிஃபாத். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். எல்லார் வாயிலும் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எச்சில் ஊறி ஊறி அவற்றைக் கழுவி, கெட்டது பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. கதிர் படும்போது எச்சில் சுரக்கும் இடங்களும் அடிபட்டு வாய் வறண்டுவிடும். அப்போது பல்லை அரிக்கிற கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சொத்தைப் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும். கதிர் பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதற்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் தேறாத பல்லையெல்லாம் இப்போதே எடுத்து, புண் ஆற ரெண்டு மூன்று வாரம் விட்டு, பிறகுதான் கதிரைத் தொடங்க வேண்டும்.

செல்லக்கிளி யோசித்தாள். அவள் கண்ணில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பன்னா டாக்டரம்மா, இந்த நோயவே அந்தப் பூச்சிதான் கொண்டாந்திருக்கும். பொயலைய எதுக்கு வைய்யணும்?"

ரிஃபாத் சிரித்துவிட்டாள். ஈறு நோய்க்குக் காரணமான சில கிருமிகள் வாய்ப் புற்றுக் கட்டிகளில் கூடுதலாகத் தென்படுகின்றன என்று ஆராய்ச்சி செய்பவர்கள் சொல்கிறார்கள், ஆனால் அவை நோயைக் கொண்டுவருகின்றனவா, நோய் வந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றனவா என்பது இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்றாள். "உங்க விஷயத்துல அவ்ளோ தூரம் தேட வேண்டியதே இல்லம்மா. புகையிலையும் பாக்கும் போதும்." மலைச்சாமி கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியை வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கார்த்திகை தொடக்கத்தில் கதிர்வீச்சு ஆரம்பித்தால் மார்கழி முடிய இழுக்கும். தை பிறக்கும்போது வாய் வெந்து, விழுங்க முடியாமல், பேச முடியாமல் கிடப்பாள். மலைச்சாமி கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிப்போடலாம் என்றார். யுவராணி, அம்மா உடம்பு தேறட்டும், கல்யாணம் எங்கே ஓடிப்போகிறது என்று அழுதாள்.

செல்லக்கிளி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குத் தள்ளணும்? முன்னால இழுங்க. பல்லப் பிடுங்கி ஆறுற வரைக்கும் நான் சும்மாதான கெடக்கப் போறேன்? ஐப்பசி கடேசி முகூர்த்தத்துல வச்சிருவோம்" என்றாள்.

மூன்று வாரத்தில் கல்யாணமா என்று மலைச்சாமி வாய் பிளந்தார். அதைவிடப் பெரிய கவலை, கீரனூர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது. பெண்ணின் தாய்க்குப் புற்று என்று தெரிந்ததிலிருந்து அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. மதன்குமார் மட்டும் யுவராணியோடு தினமும் பேசினான். மாப்பிள்ளையின் அம்மா கண்ணம்மாள் கண்டிப்பானவர், அதிகம் பேசாதவர், நிச்சயத்தன்று கூட ஒரு தடவை சிரித்துப் பார்த்ததில்லை என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பல் பிடுங்கிய மறுநாள் கண்ணம்மாள் தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய இளநீர். செல்லக்கிளி வீங்கிய முகத்தோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். யுவராணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மலைச்சாமி, வந்த சம்பந்திக்குத் தண்ணீர் கொடுக்க மறந்து சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கண்ணம்மாள் உட்காரவில்லை. நேரே செல்லக்கிளியிடம் வந்து, "ஏனுங்க சம்பந்தி, எத்தன பல்லுங்க எடுத்தாங்க?" என்று கேட்டார். செல்லக்கிளி ஒன்பது விரலைக் காட்டினாள். கண்ணம்மாள் தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வாய்க்குள் கையை விட்டு, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"எனக்கு அத்தனையும் செட்டுத்தானுங்க. சர்க்கரை வந்து ஈறு கெட்டு எல்லாம் போச்சுங்க. சிரிச்சா நழுவுது. அதாம் நான் வெளியில சிரிக்கறதே இல்லீங்க."

செல்லக்கிளி அந்தப் பல்லைப் பார்த்தாள், அதற்கு மேலே பொக்கை வாயோடு நின்ற கண்டிப்பான சம்பந்தியைப் பார்த்தாள். தையல் போட்ட கன்னம் இழுக்க, ஈறெல்லாம் வலிக்க, கண்ணீர் வர வர சிரித்தாள். கண்ணம்மாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே எப்போது கல்யாணத் தேதி முடிவானது என்று மலைச்சாமிக்குக் கடைசிவரை தெரியவில்லை. செத்த நேரம் கழித்து ரெண்டு பெண்களும் சமையல்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். திண்டுக்கல்லில் ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. யுவராணியின் தோழி மூலமாகச் சின்னாளப்பட்டியில் ஒரு சின்ன மண்டபம் மாட்டியது. பத்திரிகை அடிக்க நேரமில்லாமல் பாதிப் பேருக்கு வாட்ஸாப்பில்தான் போனது. முகூர்த்தப் பட்டோடு, மண்டபத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு தறிக்காரர் வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சுங்குடிச் சேலைகள் எடுத்தார்கள். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. காயப்போட்ட மஞ்சள் காயவில்லை, கட்டிய பந்தல் ஒருநாள் ராத்திரியில் சரிந்து மறுநாள் திரும்ப எழுந்தது.

அழைப்புப் போன்களை நானே பேசுவேன் என்று செல்லக்கிளி பிடிவாதம் பிடித்தாள். முன்பல் போனதால் 'ச' வரவேண்டிய இடத்திலெல்லாம் விசில் வந்தது. சின்னாளப்பட்டி என்று அவள் சொல்வதற்குள் எதிர்ப்பக்கத்தில் ரெண்டு தடவை யார் என்று கேட்டார்கள். நத்தத்தில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, எவனோ கிண்டல் பண்ணுகிறான் என்று போனை வைத்துவிட்டார். வைத்த போனை மறுபடியும் அடித்து, விசிலை இன்னும் நீளமாக ஊதி, தான் யார் என்று சொன்னாள்.

நடுவில் ஒருநாள் ரிஃபாத்திடம் போய் ஈறைக் காட்டினாள். நன்றாக ஆறி வருகிறது, உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதை விடாதீர்கள், பலகாரத்தில் கை வைக்காதீர்கள் என்றாள் ரிஃபாத். கல்யாணத்துக்கும் வருவதாகச் சொன்னாள்.

முகூர்த்தத்தன்று மழை வெறித்து நல்ல வெயில் அடித்தது. தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்கும் நேரம், போட்டோக்காரர் எல்லாரும் சிரியுங்கள் என்றார். செல்லக்கிளி உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வீடியோவுக்காகவே பல் டாக்டரிடம் போனவள், இப்போது வாயைத் திறக்கக் கூசினாள். கண்ணம்மாள் அதைப் பார்த்தார். திரும்பி நின்று இரண்டு வரிசையையும் கழற்றி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டு, செல்லக்கிளியின் தோளில் கைபோட்டுக் கேமராவைப் பார்த்துப் பொக்கை வாய் திறந்து சிரித்தார். கீரனூர்க் கூட்டம் மொத்தமும் மண்டபக் கூரை அதிரச் சிரித்தது. அந்த அம்மாவின் சிரிப்பை அவர்களும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். செல்லக்கிளி வாய் நிறையத் திறந்தாள். மேடையைப் பார்த்தபடி முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த ரிஃபாத் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கைதட்டினாள்.

ஒருநாள் இடைவெளி விட்டு மதுரையில் கதிர்வீச்சு தொடங்கியது. முகத்தின் அளவுக்கே செய்த வலை போன்ற முகமூடியை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பூட்டினார்கள். இயந்திரம் சுற்றி வந்தது. வலி எதுவும் இல்லை, அன்றன்றைக்குச் செத்த நேர வேலைதான். தினமும் யாராவது கூட வரவேண்டும். மலைச்சாமிக்குத் தோட்டத்தில் தக்காளி பறிப்பு. புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும் மில்லில் லீவு போட்டுக்கொண்டு முதல் ரெண்டு வாரம் அழைத்துப் போனார்கள். ஊட்டிக்குப் போக வேண்டியவர்கள் மதுரை பஸ்ஸில் தேனிலவு கொண்டாடினார்கள். செல்லக்கிளி முன்னால் ஒற்றைச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, அம்மையநாயக்கனூர் வந்தாலும் சோழவந்தான் பிரிவு வந்தாலும் கழுத்தைத் திருப்பவே மாட்டாள். கழுத்து வலிக்கிறதா அத்தை என்று மதன்குமார் ஒருநாள் கவலையாகக் கேட்டான். யுவராணி அவனைக் கிள்ளினாள்.

அந்த ஆஸ்பத்திரியில் புவனேஸ்வரி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். கதிர்வீச்சுக்கு முன்னும், நடுவிலும், முடிந்த பிறகும் வாயிலுள்ள கிருமிகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சம்மதம் கேட்டு, ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து அதில் எச்சில் துப்பச் சொன்னாள். முதல் நாள் செல்லக்கிளி கண்மூடித் திறப்பதற்குள் குழாயை நிரப்பிக் கொடுத்து, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். வெற்றிலை போட்டவள் துப்புவதற்கு யோசிப்பாளா?

நாலாவது வாரத்தில் அதே குழாயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவளால் ஒரு சொட்டுக்கூடத் துப்ப முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கன்னத்தின் உட்புறம் தோலுரிந்து வெந்திருந்தது. கஞ்சி இறங்கவில்லை, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் எதுவானாலும் மண்ணாக இருந்தது. நாக்கில் வெள்ளையாகப் படர்ந்ததைப் பார்த்து அது பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரை மணிக்கொரு தரம் கொப்பளிக்கச் சொன்னார்கள். குழாயை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் அவள் நிஜமாக அழுதாள். புவனேஸ்வரி குழாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அடியில் லேசாகக் கொஞ்சம் சேர்ந்தது. அது போதும் என்றாள் அந்தப் பெண்.

பேச்சு நின்றுபோன அந்த வாரங்களில் கண்ணம்மாள் தினமும் சாயந்திரம் போன் செய்தார். வெளியில் வாய் திறக்காதவர் போனில் திறந்தார். கீரனூரில் யார் வீட்டு மாடு யார் சோளத்தில் இறங்கியது, அதற்கு யார் யாரை என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். செல்லக்கிளி இங்கே போனை ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், ரெண்டு தட்டுத் தட்டினால் மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் ரெண்டு தட்டுத்தான் கேட்டது.

தை பிறந்தபோது கதிர்வீச்சு முடிந்திருந்தது. வாய்ப் புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. மாசியில் போய்க் காட்டியபோது பெரிய டாக்டர் கன்னத்தையும் கழுத்தையும் தடவிப் பார்த்து, இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, சுத்தமாக இருக்கிறது, ஆனால் மாதாமாதம் வந்து காட்டவேண்டும் என்றார். எச்சில் கொஞ்சம் ஊறத் தொடங்கியிருந்தது, முன்பு போல வராது என்றும் சொன்னார். மிச்சமிருந்த பல்லைக் காப்பாற்ற ரிஃபாத் ஒரு பசை கொடுத்து, ராத்திரி படுக்குமுன் பூசச் சொல்லியிருந்தாள். பல் செட்டுக்கு இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். புவனேஸ்வரி, தை மாதமே வாங்கிப்போன மூன்றாவது குழாயையும் சோதித்துவிட்டு, கிருமிகளின் கூட்டம் நடுவில் தலைகீழாக மாறியிருந்தது, இப்போது பழைய ஆட்கள் சிலர் மெல்லத் திரும்புகிறார்கள் போலிருக்கிறது, ஆனால் ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நிறையப் பேரைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"திரும்பி வந்துட்டாகல்ல, அது போதும். இருக்கட்டும், ஒழுங்கா இருந்தா இருந்துட்டுப் போறாக" என்றாள் செல்லக்கிளி.

அவளும் மலைச்சாமியும் மதுரையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. திண்டுக்கல்லில் மாரியம்மன் மாசித் திருவிழா. மகளும் மருமகனும் கண்ணம்மாளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே கடைகளும் கூட்டமும் ராட்டினங்களும் நிறைந்திருந்தன. பெரிய ராட்டினத்தைப் பார்த்ததும் செல்லக்கிளி கண்ணம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணம்மாள் தலைசுற்றும் என்றார், சர்க்கரை என்றார், சேலை பறக்கும் என்றார். அதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பேரும் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பி மாட்டியாயிற்று.

பெட்டி மேலே ஏறியது. விளக்குகள் கீழே போயின. உச்சிக்குப் போனபோது கோட்டைப் பாறை கை நீட்டினால் தொடலாம் போலப் பக்கத்தில் நின்றது. மாசிக் காற்று வாய்க்குள் புகுந்து ஜிவ்வென்றது. அங்கேயிருந்து பெட்டி ஒரேயடியாகக் கீழே இறங்க, வயிறு மேலே ஏற, கண்ணம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நிறுத்தச் சொல்லுங்க சம்பந்தி என்று கெஞ்சினார்.

கீழே தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்தபடி மலைச்சாமி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி தரையை ஒட்டி வந்தபோது செல்லக்கிளி ராட்டினக்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னொரு சுத்து விடுப்பா."

ராட்டினம் மறுபடியும் மேலே ஏறியது.